அரை நொடிக் கரண்டு

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஏலம் கூவிவந்த சபரிநாதனுக்குத் தொண்டையில் கட்டி. எட்டு மாதமாக வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. பவானி ஆஸ்பத்திரியில், கட்டியைக் கருக்கும் கதிர்வீச்சை, ஊர்ப்பேச்சில் கரண்டை, புது மெஷினில் வைத்தார்கள். சட்டைப் பட்டனைக் கழற்றிய நேரம்கூட ஆகவில்லை. அரை நொடியில் முடிந்துவிட்டது, எழுந்து போங்கள் என்றார்கள்.

அவர் மனைவி கோகிலவாணிக்கு மனசு ஒப்பவில்லை. அவளுடைய அப்பாவுக்கு அந்தக் காலத்தில் முப்பத்தைந்து நாள் வைத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது, கஞ்சிகூட இறங்கவில்லை. இவருக்கோ பத்து நாளாகியும் ஒரு தடிப்பில்லை.

"மெஷினைப் போடவே இல்லீங்க. நம்மளை ஏமாத்திப்போட்டாங்க" என்று புலம்பிக்கொண்டே அவரைக் கோபி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

அங்கே மெஷின் பார்க்கும் பெண் கேட்டாள். "ஏனுங்க்கா, முன்னால எங்கயாச்சும் வெச்சீங்களா? மறைக்காதீங்க. மறுக்கா வெச்சா தொண்டை வெந்துபோயிரும்."

கோகிலவாணி தயங்கினாள். ஆனால் இப்படிப் பயமுறுத்தித் திருப்பி அனுப்புவதும் இவர்கள் தந்திரமோ என்னவோ! சபரிநாதன் பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"வைக்கலீங்க கண்ணு. சாமி சத்தியமா வைக்கல."

அவரைப் படுக்கவைத்துவிட்டு அந்தப் பெண் கதவைச் சாத்தப் போனாள்.

"வெச்சாச்சுங்க அம்மிணி!"

குரல் கரகரத்தாலும் வராந்தாவில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சபரிநாதன் எழுந்து உட்கார்ந்து தன் தொண்டையைத் தானே தொட்டுப் பார்த்தார்.

கோகிலவாணி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, எத்தனை நாளாப் பேச்சு வருதுங்க உங்களுக்கு?"