பாம்புப் புற்றும் கரையான் மேஸ்திரியும்

காட்டு நகராட்சி, குளத்துக்குக் கரைச்சுவர் கட்ட டெண்டர் விட்டது. மண்வேலையில் தன்னை மிஞ்ச ஆளே இல்லை என்று மார்தட்டிக்கொண்டு போய் நின்றார் கரையான் மேஸ்திரி.

"இதுக்கு முன்னால என்ன கட்டியிருக்கீங்க?" என்று கேட்டது குமாஸ்தா ஓணான்.

"அதோ தெரியுதே, அந்தப் புற்று!"

"அது பாம்புப் புற்றுன்னுல்ல ஊரே சொல்லுது? நீங்கதான் கட்டினீங்கன்னு சான்றிதழ் கொண்டு வாங்க."

மேஸ்திரி ஓடினார். புற்றில் குடியிருந்த பாம்பு மறுக்கவில்லை. 'கட்டியது கரையான்தான்' என்று காய்ந்த இலையொன்றில் எழுதிக் கொடுத்தது.

வழியில் மேஸ்திரிக்குப் பசித்தது. எழுத்தில்லாத ஓரம்தானே என்று ஒரு கடி கடித்தார். அப்புறம் இன்னொரு கடி. ஆபீஸ் வாசலை அடைந்தபோது கையில் காம்புதான் இருந்தது.

"சான்றிதழ் எங்கே?"

"வயித்துல இருக்குங்க."

ஓணான் தலையை ஆட்டியது. வேலை தனக்குத்தான் என்று மேஸ்திரி பூரித்துப்போய் வீடு திரும்பினார். ஓணான் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் என்பது அவருக்கு மறந்துபோனது.

மறுநாள் பாம்பு ஆர்டர் காகிதத்தை வாலில் சுருட்டிக்கொண்டு வந்தது.

"மேஸ்திரி, உங்க விஷயம் என்னாச்சுன்னு கேட்கத்தான் போனேன். என்கிட்ட சான்றிதழ் கேட்க குமாஸ்தாவுக்குப் பயம். வேலையை என் தலையில கட்டிட்டாரு. சுவர் எப்படிக் கட்டறது?"

"தவளைதான் தன் வாயால கெடும்னு சொல்வாங்க. நானுமா!" என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார்:

"முதல்ல அந்த ஆர்டரைக் கொடுங்க, பார்க்கலாம்."

இந்த முறை அவருக்குப் பசியே இல்லை.