ரங்கூன் ருசி

"ரங்கூன் ருசி வரலடி" என்று ஒரு வாயோடு கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள் மாமியார் பூவம்மா.

அன்புக்கரசிக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்த நாளாய் ஞாயிறுதோறும் இதே பேச்சு. கல்மண்டபம் மார்க்கெட் போய் மீன் வாங்கி, வாழைத்தண்டு அரிந்து, நூடுல்ஸ் மேல் ஊற்ற மொய்ங்காச் சாறு காய்ச்சி, அத்தனையும் வீண்.

"இதான் கடைசி அத்தே. இனிமே இந்த வூட்ல பர்மா மொய்ங்கா கெடையாது. எப்பப் பாரு நொட்டை சொல்லிகினு! ரங்கூன்ல அப்டி இன்னாதான் போட்டாங்க, அதையாவது சொல்லுங்களேன்."

பூவம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு இன்னா தெரியும்? அம்மா என்னை வயித்துல சொமந்துகினுதான் கப்பல்ல வந்துச்சு. நான் பொறந்தது இங்க, அகதி முகாம்ல. ரங்கூனை நான் பாத்ததே இல்ல."

"அப்புறம் ஏன் அத்தே...?"

"அம்மா சாவுற வரைக்கும் சாப்புட குந்துனா அதைத்தான் சொல்லும். அதைச் சொல்லாம துன்னா, அம்மா பக்கத்துல இல்லாத மாதிரி கீதுடி."

அன்புக்கரசி தனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள்.

"ஆமா அத்தே. ரங்கூன் ருசி வரலதான்."

பூவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை அருகே இழுத்தாள்.