சாவிச் சத்தம்

வீட்டிலிருந்த சாவிகளையெல்லாம் ஒரே வளையத்தில் கோத்தேன். பீரோ, வாசல் கேட், எப்போதோ திருட்டுப்போன சைக்கிளின் சாவிகூட. கனம் போதும்.

அம்மா அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெண்கள் சிறையில் வார்டர். இன்றுதான் முதல் நாள். ஆனால் பெற்ற தாயைச் சந்தேகப்படச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை, அதை நானாகத்தான் செய்கிறேன்.

"எந்த ஜெயிலுக்கு வேணா போ. அந்த ஜெயிலுக்கு மட்டும் போகாத."

உத்தரவு வந்த நாளிலிருந்து இதே பல்லவி. சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள்.

அப்புறம்தான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. சாப்பாட்டுக்கு உட்காரும்முன் அம்மா ஆள் எண்ணுவாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். பூட்டிய பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். அப்பா செத்துவிட்டார் என்பாள், ஒரு போட்டோ கிடையாது. சொந்தம் என்று ஒரு ஈ காக்கா எட்டிப் பார்த்ததில்லை.

என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு இந்த ஊருக்கு வந்து இறங்கியதை மட்டும் பெருமையாகச் சொல்வாள். ரொட்டிக் கடையில் மாவு பிசைந்து ஆளாக்கியதையும்.

எங்கிருந்து வந்தாள்? அதை நானே நிரப்பிக்கொண்டேன். சிறையின் பெரிய கதவில் இருக்கிற சின்னக் கதவு திறக்கிறது. ஒரு இளம்பெண், தோளில் பச்சைக்குழந்தையோடு, குனிந்து வெளியே வருகிறாள். ஊரை மாற்றுகிறாள், கதையை மாற்றுகிறாள், வேறு ஆளாகிறாள்.

குடும்பத்தில் தண்டனை பெற்றவர் எவருமில்லை என்று உறுதிமொழி கொடுத்துச் சேர்ந்த வேலை இது. வேலை போனால் போகட்டும். நான் யாருடைய ரத்தம்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

சாவிக் கொத்தின் சத்தம் கேட்டால் கைதிகள் எழுந்து, உள்ளங்கைகளை விரித்துக் காட்டி, தலைகுனிந்து நிற்க வேண்டும். பழகிய உடம்பு அதை மறக்கவே மறக்காது என்று சீனியர் அக்கா காலையில் சொன்னாள். விடுதலையாகிப் போன ஒருத்தி, கடைத்தெருவில் சாவி ரிப்பேர் செய்கிறவன் முன்னால் கையை விரித்து நின்றாளாம். அப்போது நான் சிரித்தேன்.

கொத்தை உயர்த்தி உலுக்கினேன்.

அம்மா எழவில்லை. கையை விரிக்கவில்லை.

கத்தி கீழே விழுந்தது. அவளுடைய வலது கை இடுப்புக்குப் போய் எதையோ தேடியது. அங்கே வெறும் துணிதான் இருந்தது.

இன்று முழுக்க என் கையும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. வேறு சாவிச் சத்தம் கேட்டால் முதலில் உன் சாவியைத் தொட்டுப் பார். வார்டருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் அது.

அம்மா கைதியில்லை. வார்டர். பூட்டை இழுத்துப் பார்ப்பதும் ஆள் எண்ணுவதும் பூட்டுகிறவள் வேலையல்லவா? எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

அப்பாடா என்றிருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன்.

அடுத்த அடி வரவில்லை.

வார்டராக இருந்ததில் மறைக்க என்ன இருக்கிறது? அப்படியானால் அவள் தோளில் இருந்த குழந்தை?

அம்மா திரும்பினாள். கண்கள் கலங்கியிருந்தது வெங்காயத்தால்தான் என்று நம்பப் பார்த்தேன்.

"உன்ன அந்தப் பக்கமே கூட்டிட்டு வர மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். தையல் கூடத்துல, ஜன்னலோர மெஷின்ல ஒருத்தி… உன் நெத்தி, உன் கண்ணு. இன்னும் இருக்காளா?"

இருக்கிறாள்.

காலையில் எல்லோரும் தலைகுனிந்து நின்றபோது, அவள் மட்டும் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாளே இடம் கொடுத்தால் தலைமேல் ஏறிவிடுவார்கள் என்று, நேரே அவள்முன் போய் நின்று, கூடமே அதிர அதட்டினேன், குனி என்று.

சிரித்துக்கொண்டே குனிந்தாள்.