ஏழு கையெழுத்து

"வக்கீல் வச்சுக்கோங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ஃபீஸ் கட்டக் காசு இருந்தா நான் எதுக்குடி திவாலாகணும்?"

தர்க்கம் சரிதான். எனவே நாற்காலி வாடகைக் கடைக்காரர் திவால் மனுவைத் தானே எழுதி, தானே கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். கவுண்டரில் இருந்த அம்மாள் திருப்பி அனுப்பினார். முதல்முறை, பக்க எண் இல்லை. இரண்டாம் முறை, நீல மை.

"இன்னைக்கு என்னவாம்?"

"கடன்காரங்க பட்டியலை ஒண்ணுக்கு ரெண்டு தரம் படிச்சா. ஏழு பேர்கிட்டயும் நேர்ல போய்க் கையெழுத்து வாங்கணுமாம். ராட்சசி! அவங்க மூஞ்சியில முழிக்க முடியாமத்தானே மனுவே போடறேன்?"

"எப்படியும் கடையை மூடப்போறோம். திட்டையும் வாங்கிக்கிட்டு வந்துடுங்க."

ஆறு மாதமாகச் சுற்றுவழியில் போய்த் தவிர்த்துவந்த கதவுகளை மறுநாள் தட்டினார்.

"யோவ், உயிரோடதான் இருக்கியா?" என்றார் லாரிக்காரர். "ஃபோனை எடுத்துத் தொலைச்சா என்ன? கையெழுத்தாவது காலெழுத்தாவது! மாசாமாசம் கொஞ்சமா குடு, போ."

துணி வியாபாரி முழுசாக ஒரு மணி நேரம் திட்டினார். தொண்டை வறண்டதும் இருவருக்கும் காபி வரவழைத்தார். "அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம். முந்நூறு நாற்காலி போடு. வாடகையைக் கடன்ல கழிச்சுக்கறேன்."

ஏழு பேரில் ஆறு பேர் தவணை கொடுத்தார்கள். சொந்த மைத்துனர் மட்டும் உடனே கையெழுத்துப் போட்டார், பேனாகூடக் கேட்காமல்.

மறுநாள் கவுண்டரில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "மனு வேண்டாம்மா. கடை நடக்கும்போல இருக்கு."

"சரி, நகருங்க."

பின்னால் நின்ற வக்கீல் தன் கட்சிக்காரரின் திவால் மனுவை நீட்டினார். டப்பென்று முத்திரை விழுந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இவருக்கு மட்டும் கடன்காரங்க கையெழுத்து வேண்டாமா?"

"எந்தக் கையெழுத்து?" வக்கீல் விழித்தார். "அப்படி ஒரு விதியே கிடையாதே!"

வக்கீல் படியிறங்கும்வரை அந்த அம்மாள் முத்திரைக் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நல்லவேளை சார், நீங்க வக்கீல் வச்சுக்கலை. வச்சிருந்தா என் பொய் எடுபட்டிருக்குமா?"