அஞ்சரை மணி நேரம் கூட்டணும்

"ஆயில்யம்!"

போனைப் பார்த்து சுருளியாண்டி போட்ட சத்தத்தில், கேசரித் தட்டோடு வந்த அபிதாவின் அம்மா ராஜாத்தி நடுக்கூடத்திலேயே நின்றுவிட்டாள்.

பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று இப்போதுதான் சொன்னார்கள். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா சுருளியாண்டி, எதற்கும் பார்த்துவிடலாமே என்று அபிதா பிறந்த தேதியையும் நேரத்தையும் கேட்டுத் தன் போனில் இருந்த ஜாதக ஆப்பில் தட்டிவிட்டார். வாழைத்தார் வெட்டுவதற்கே நல்ல நேரம் பார்க்கிற மனிதர்.

"ஆயில்யத்துப் பொண்ணு மாமியாருக்கு ஆகாது. எம் பொண்டாட்டி உசிரு எனக்கு வேணும்ப்பா." துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரி செல்வமணி."

கை நனைக்காமல் கிளம்புகிறார்கள் என்றால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். அபிதாவின் நட்சத்திரத்தைக் கேட்டுச் சின்னமனூரில் ஏற்கெனவே பல இடம் தட்டிப்போயிருந்தது. கதவோரம் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா செல்வமணி எழுந்திருக்கவில்லை. ராஜாத்தியை மேலும் கீழும் பார்த்தாள்.

"தெரிஞ்சே மறைச்சு வரச்சொன்னீகளாக்கும்?"

"ஐயோ மதினி, தரகர்கிட்ட ஜாதகத்தைக் கொடுத்துத்தான விட்டோம்!"

"இவரு கண்ணுல யாரும் காட்டலையே," என்று செல்வமணி புருஷனைக் கைகாட்டினாள்.

மாப்பிள்ளை தமிழ்மாறன் அப்போதுதான் வாயைத் திறந்தான். தேனியில் ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன்.

"பொறந்த நேரத்தை எதுல பாத்து எழுதுனீக அத்தை?"

ராஜாத்தி ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை எடுத்து வந்தாள். காலை ஆறு பத்து என்று அச்சில் இருந்தது.

"கம்ப்யூட்டர்ல அடிச்சதா? அதான பாத்தேன். இது நம்ம ஊரு நேரமே இல்லப்பா."

"என்னலே சொல்றே?" சுருளியாண்டி அதிர்ந்துபோய் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள எல்லா நேரத்தையும் உலக நேரமாத்தான் சேத்து வைக்கும். வெளிய எடுக்கையில அந்தந்த ஊருக்குத் தக்கன மாத்திக் காட்டணும். நமக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும். இதுல கூட்டாம அப்படியே அடிச்சுக் கொடுத்துட்டாக."

"தேனியில பொறந்த பிள்ளைக்குத் தேனி நேரம் பத்தாதா?"

"துபாய்ல இருக்கவனும் அமெரிக்காவுல இருக்கவனும் அதே பதிவைப் பாப்பான்லப்பா. ஆளுக்கொரு நேரத்தை எழுதி வச்சா எது முந்தி, எது பிந்தின்னு தெரியாமப் போயிரும்."

கம்ப்யூட்டர் சொன்னால் தப்பிருக்காது என்று நம்பியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்ட சுருளியாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவிகளா! அப்ப இந்தப் பக்கம் எத்தனை ஜாதகம் தப்பு! ஏலே, உன்னோடது?"

"என்னை வீட்டுலதானப்பா பெத்தாக. உங்க கைக்கடிகாரத்தைப் பாத்து எழுதுனது."

பெருமூச்சு விட்டார். அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டித் தட்டினார். போன் யோசித்தது.

"மகம்! மகத்துல பொறந்தா ஜெகத்தை ஆளும்பாக!"

வீடே மூச்சு விட்டது. செல்வமணி மட்டும் விடவில்லை.

"இருங்க. கம்ப்யூட்டருக்குத் தெரியாட்டி என்ன, பெத்தவளுக்குத் தெரியாதா? மதினி, நேராச் சொல்லுங்க. விடியக்காலையா, உச்சி நேரமா? இல்ல, மயக்க ஊசி போட்டு நினைவில்லாமக் கிடந்தீகளா?"

போலீஸ் விசாரணை தோற்றது. ராஜாத்திக்கு எல்லாம் நினைவிருந்தது. சுகப்பிரசவம். ஊசியும் இல்லை, மயக்கமும் இல்லை. பிள்ளை அழுதபோது வெளியே சரியாக விடிந்திருக்கக்கூட இல்லை. இதை எப்படிச் சொல்வது? மகளைப் பார்த்தாள். அவள் இன்னும் தலை நிமிரவில்லை.

"மயக்கத்துலதான்... கிடந்தேன் மதினி."

"அப்பச் சரி. இலையைப் போடச் சொல்லுங்க," என்றாள் செல்வமணி.

பந்தி நடந்தது. சுருளியாண்டி பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். பரிமாறிய ராஜாத்திக்குத்தான் மனசு ஆறவில்லை. தன் பிள்ளை வாழ வேண்டும் என்று இன்னொருத்தி உயிரோடு விளையாடலாமா?

கை கழுவக் கொல்லைக்குப் போன தமிழ்மாறனின் பின்னாலேயே, கை துடைக்கத் துண்டு கொடுக்கிற சாக்கில் போய்விட்டாள்.

"தம்பி, என்னை மன்னிச்சிருங்க. எனக்கு மயக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ விடியக்காலையிலதான் பொறந்தா. சீட்டுல இருக்கதுதான் நெசம். நாளைக்கு உங்கம்மாவுக்கு ஒண்ணுன்னா என் மனசு தாங்காதுய்யா. கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும், உங்கப்பாகிட்ட நானே சொல்லிடுறேன்."

அவன் குழாயை மூடினான்.

"எனக்கும் தெரியும் அத்தை. சீட்டு அடிக்கும்போதே கூட்டித்தான் அடிச்சிருக்காக."

ராஜாத்தி கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. "தெரிஞ்சேவா? பெத்த தாயி உசிரு சமாச்சாரம் தம்பி! எப்படி உங்களுக்கு மனசு வந்துச்சு?"

அவன் குனிந்து துண்டை எடுத்தான். பந்தியில் இருந்த அப்பாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"தரகர் ஜாதகத்தை எங்கம்மா போனுக்குத்தான் அனுப்புனாரு. நேத்துப் பூரா எனக்குச் சொல்லிக்கொடுத்து, இன்னொரு தடவை கூட்டச் சொன்னதே அவுகதான் அத்தை."