இன்ஸ்பெக்டர் மட்டும் மிச்சம்

2047 ஜூன் 8, சனிக்கிழமை மாலை, கோவில்பட்டியில் உலகம்மாள் வீட்டில் பிரிட்டிஷ் துப்பறியும் தொடர் ஓடியது. அதன் இன்ஸ்பெக்டருக்காகவே பதினோரு வருடமாகப் பார்க்கிறாள். பார்ப்பவர்கள் யாரைக் கொலைகாரர் என்று சொன்னாலும், தொலைக்காட்சி அப்போதே கதையை மாற்றி அந்த ஆளை நிரபராதியாக்கி, மிச்சமிருப்பவர்களில் ஒருவரைக் கொலைகாரராக்கிவிடும்.

தோட்டக்காரனைக் காப்பாற்ற அவள் முந்திக்கொண்டாள். "தோட்டக்காரந்தான் கொன்னான்."

"அவனுக்கு மட்டும் சலுகையா?" என்றார் கணவர் சங்கரபாண்டியன். "பாதிரியாரு, டாக்டரு, சீமாட்டி, சமையக்காரி, எல்லாருந்தான் கொன்னாங்க!"

"ஐயோ, இனி இன்ஸ்பெக்டர் மட்டுந்தான மிச்சம்!"

"அவரையும் கொலகாரன்னு சொல்லிரு. தப்பிச்சுருவாரு."

"அவரப் போய் எப்பிடிங்க சொல்ல? நீங்க சொல்லுங்க."

"உன் ஆளு. நீயே சொல்லு."

அவளுக்கு வாய் வரவில்லை. ஏழரை மணிக்கு இன்ஸ்பெக்டரைக் கைது செய்தார்கள்.