மூடிய வால்வு

பத்திரிகைகளுக்குக் குற்றக் கதை எழுதுபவர் அவர். கடைசி வரியில் குட்டு உடைகிற கதைகள். வாசகர்களை ஏமாற்றி ஏமாற்றி, தன்னை யாராலும் ஏமாற்ற முடியாது என்ற நினைப்பு மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது. ஆள் யாரென்று கேட்காதீர்கள், எனக்குத்தான் மானம் போகும்.

அன்று வீட்டுக்கு கேஸ் ஃபிட்டர் வந்திருந்தார்.

"கேஸ் கீசரும் மாட்டினா இந்த சப்ளை தாங்காது சார். பெரிய மீட்டர், பெரிய பைப் போடணும். இல்லேன்னா கரண்ட் கீசர் வாங்கிடுங்க."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்களேன். ரெண்டு மாசமா பச்சைத் தண்ணியில குளிக்கிறேன்," என்றாள் மனைவி.

"அவசரப்படாதே. போன தடவை பாதிக் கூலிக்கு ஆள் பிடிச்சு இந்தப் பைப்பையே போட வச்சவன் நான்!"

ஃபிட்டர் அடுப்பை அணைக்கச் சொன்னார். வாசலில் இரண்டு மீட்டர்கள்: இவர்கள் குடியிருந்த கீழ்வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. அடுப்பை அணைத்த பிறகும் கீழ்வீட்டு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"லீக்கா? வாடையே இல்லையே..." என்றார் ஃபிட்டர்.

"லீக்காவது மண்ணாவது! எவனோ நம்ம கேஸைத் திருடுறான். நம்ம மீட்டர் வால்வை மூடறேன். எங்க சத்தம் வருதோ, அங்கதான் திருடன்."

எழுத்தாளர் மூடினார்.

"ஐயையோ, அடுப்பு அணைஞ்சுபோச்சே!"

குரல் மேலிருந்து வந்தது. மாடியில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு டீச்சர். எழுத்தாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பொறுங்க சார், பைப்பைப் பார்த்துடறேன்" என்று ஃபிட்டர் கெஞ்சியும் கேளாமல் போலீஸுக்குப் போன் போட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் டீச்சர் அழுதே விட்டார். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஒண்டிக்கட்டை நான். எனக்கே ஒரு குடும்பத்துக்கு வர்ற மாதிரி கேஸ் பில் வருது."

"நல்லா நடிக்கிறாங்க," என்றார் எழுத்தாளர். "வால்வை மூடினேன், வசமா மாட்டிக்கிட்டாங்க. உள்ளே தள்ளுங்க சார்."

மனைவி டீ கொண்டுவந்தாள். இன்ஸ்பெக்டர் ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"மூடின வால்வு அப்படியேதானே இருக்கு?"

"தடயமாச்சே! யாரையும் தொட விடலை."

"வீட்டுல வேற அடுப்பு?"

"இந்த ஒரு கேஸ் அடுப்புதான் சார். இப்பத்தான் கொதிக்கக் கொதிக்க இறக்கினேன்," என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுத்தாளரைப் பார்த்தார்.

"அப்ப இந்த டீ யாரோட கேஸ்ல கொதிச்சுது, சார்?"